முன்னோட்டத் தகடுகளைப் பூட்டி வைக்கலாமா?

வியாழக்கிழமை காலையில் அய்யலூர் ஆட்டுச்சந்தைக்குப் போனவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வாங்க வருபவர் விலை பேசுவதற்கு முன் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பால் பல்லா, இரண்டு பல் போட்டதா, நாலு பல்லா என்று கண்டு வயதைச் சொல்லிவிடுவார். வீடியோ விளையாட்டுகளுக்கும் இப்படிப் பல் பார்க்கும் ஒரு கூட்டம் உலகில் உண்டு. ஜப்பானில் வெளியான முன்னோட்டக் குறுந்தகடுகளையும், விற்பனைக்கு வராத முற்பட்ட பதிப்புகளையும் தேடிச் சேர்ப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய முயற்சி அறிவுக்குப் பயன்படுகிறதா, வெறும் பொருளாசையா என்பதை ஆராய்வோம்.

முன்னோட்டத் தகடு என்பது ஒரு விளையாட்டு முழுமை பெறுமுன் அதன் ஒரு பகுதியை மட்டும் ஆடிப் பார்க்கக் கொடுப்பது. 1994 டிசம்பரில் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வெளியான பிறகு இவ்வழக்கம் பெருகிற்று. 1996 ஆகஸ்டில் ஸ்கொயர் நிறுவனம் 'டோபால் நம்பர் 1' என்ற விளையாட்டுடன் ஒரு முன்னோட்டத் தகட்டையும் சேர்த்துக் கொடுத்தது. அதில் 'பைனல் பேண்டசி 7' விளையாட்டின் தொடக்கம் இருந்தது. முழு விளையாட்டில் பின்னால்தான் நாயகனுடன் சேரும் ஏரித் என்ற பெண், இந்த முன்னோட்டத்தில் தொடக்கத்திலேயே அவனுடன் நடக்கிறாள். 1997 ஜனவரியில் முழு விளையாட்டு வந்தபோது இது மாறிவிட்டது. 1997 நவம்பரில் நின்டெண்டோவின் கண்காட்சியில் காட்டப்பட்ட 'போகிமான்' முன்னோட்டத்திலோ, 1999இல் வெளிவந்த விளையாட்டில் இடம்பெறாத பல உயிரினங்கள் இருந்தன. அது 2018இல் இணையத்தில் வெளியான பின்னரே பலருக்கும் தெரிய வந்தது.

இத்தகைய வேறுபாடுகளால் என்ன பயன் என்று கேட்கலாம். முடிந்த பொருளைப் பார்த்தால் செய்தவரின் முடிவு மட்டுமே தெரியும். முற்பட்ட பதிப்பைப் பார்த்தால் அவர் தயங்கியதும் தவறியதும் திருத்தியதும் தெரியும். தகட்டிலுள்ள கோப்புகளின் தேதிகள், ஆட்டத்தில் பயன்படாமல் ஒதுங்கிக் கிடக்கும் படங்கள், செய்தவர்கள் நீக்க மறந்த சோதனைப் பட்டியல்கள் ஆகியவைதாம் இங்கே பற்கள். அவற்றைக் கொண்டு எந்தப் பதிப்பு முந்தியது என்று வரிசைப்படுத்தலாம்.

நமக்கு இது புதிய வித்தையன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடி ஒப்பிட்டார், பாடபேதங்களை ஆராய்ந்தார். ஏடு தேடியதோடு அவர் நின்றிருந்தால் அவரை ஏடு சேர்த்தவர் என்றுதான் சொல்லியிருப்போம். படித்து, ஒப்பிட்டு, அச்சிட்டுப் பலருக்கும் கொடுத்ததால்தான் தமிழ்த் தாத்தா என்கிறோம்.

விளையாட்டுத் தகடு சேர்ப்பவர்களில் ஒரு சாரார் சறுக்குவது இந்த இடத்தில்தான். உலகில் ஒன்றிரண்டே உள்ள தகடு என்றால் அதன் விலை ஏறுகிறது. நகல் பரவினால் விலை இறங்கும் என்று அஞ்சிப் பூட்டி வைக்கிறார்கள். 'ரெசிடென்ட் ஈவில் 2' விளையாட்டின் கதையைப் பாருங்கள். கேப்காம் நிறுவனம் பாதிக்கு மேல் முடித்திருந்த ஒரு பதிப்பை 1997இல் கைவிட்டு, புதிதாகச் செய்து 1998 ஜனவரியில் வெளியிட்டது. கைவிட்ட பதிப்பின் நாயகி எல்சா வாக்கர். வெளிவந்ததில் கிளேர் ரெட்பீல்டு. அந்தப் பழைய பதிப்பின் ஒரு நிலை சில தனியாரின் கையில் இருந்து, 2013இல்தான் பொதுவெளிக்கு வந்தது. அதற்குள் அத்தகடு பழுதாகியிருந்தால்?

பழுதாகும் என்பது வீண் அச்சமன்று. குறுந்தகட்டின் கனம் சுமார் 1.2 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அதன் மேற்புறத்தில் மெல்லிய அலுமினியப் பூச்சும், அதற்கு மேல் அரக்குப் பூச்சும் உண்டு. செய்திகள் நுண்ணிய குழிகளாகச் சுருள்பாதையில் பதிந்துள்ளன. பாதையின் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.6 மைக்ரான். லேசர் ஒளி கீழ்ப்புறமிருந்து சென்று பட்டுத் திரும்புவதைக் கொண்டே கருவி படிக்கிறது. ஆகவே பெயர் அச்சிட்ட மேற்புறத்தில் விழும் கீறல்தான் அதிக ஆபத்து. அங்கே அலுமினியத்துக்குக் காவல் மிகக் குறைவு. காற்றும் ஈரமும் புகுந்தால் அது துருவேறி ஒளியைத் திருப்பாது. நிறுவனங்களுக்குள் சோதனைக்காக எழுதிய தகடுகளின் நிலை இன்னும் மோசம். அவற்றில் அச்சுக் குழி இல்லை. சாயப் படலமே உண்டு. வெயிலும் வெப்பமும் அதைக் கெடுக்கும்.

நகல் எடுத்துப் பரப்புவது உரிமைச் சட்டத்துக்கு மாறல்லவா என்ற வாதம் நியாயமானது. திருடிய கோப்பைப் பரப்புவதை நாமும் ஏற்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு கடைகளில் கிடைக்கவில்லை. விற்பவரும் விற்காமல், வைத்திருப்பவரும் காட்டாமல் இருந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. நூலகங்களும் காப்பகங்களும் நகல் எடுத்து, ஆராய்வோருக்குக் காட்டச் சட்டம் வழிவிடுவதே நேர்வழி. டோக்கியோவில் 2011இல் தொடங்கிய விளையாட்டுப் பாதுகாப்புச் சங்கம் இப்பணியில் ஈடுபட்டிருக்கிறது.

இது ஜப்பானியரின் கவலை மட்டுமா? 2005 ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில் தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய குறுந்தகட்டை இலவசமாக வெளியிட்டது. யூனிகோடு பரவுமுன் பல்வேறு எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த கதைகளும் பாடநூல்களும் இன்றும் பழைய கோப்புகளில் கிடக்கின்றன. உரிய எழுத்துரு இல்லாவிட்டால் அவை புரியாத குறிகளாகவே திரையில் தோன்றும். அத்தகைய தகடு உங்கள் வீட்டுப் பரணிலோ, பழைய தட்டச்சு நிலையத்திலோ இருக்கலாம்.

இருந்தால் கீறாமல் எடுங்கள். தகட்டு இயக்கி உள்ள கணினியில் முழுத் தகட்டையும் ஒரே கோப்பாக நகலெடுங்கள். அதன் சரிபார்ப்பு எண்ணைக் குறியுங்கள். இன்னொருவர் வேறு ஊரில் அதே தகட்டைப் படித்து அதே எண் வந்தால் இருவர் நகலும் பிழையற்றவை என நம்பலாம். எங்கே, எப்போது கிடைத்தது என்றும் எழுதி வையுங்கள். சந்தையில் பல்லைப் பார்ப்பவர் தாம் கண்டதை வாய்விட்டுச் சொல்கிறார். தகடு சேர்ப்பவரிடமும் நாம் கேட்பது அவ்வளவுதான்.