வெட்கமும் கல்வியும்

இனயத்தை அடுத்த தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான், 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) நாவலில் ஆங்கிலப் பள்ளிக்கு எழுந்த எதிர்ப்பைப் பதிவுசெய்தார். இன்று பள்ளிக்கூடத்தை எவரும் எதிர்ப்பதில்லை. எதிர்ப்பு, அறிவியல் நூலின் ஓர் இயலுக்குள் ஒதுங்கிக்கொண்டது.

மத்திய அரசு 2005இல் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை, பண்பாட்டுக்கு ஊறு எனக் கூறி, 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் தடுத்தன. கையேட்டுப் படங்கள் சில வரம்பு மீறின என்ற குறையை நாம் புறந்தள்ளவில்லை. ஆனால் படத்தைத் திருத்துவதற்குப் பாடத்தையே விலக்குவது எவ்வகை நியாயம்?

நம்மவருள் சிலரும் அதே வாதத்தை, மார்க்கத்தின் பெயரால் வேறு, மொழிகின்றனர். பெண்ணுக்குக் கனவில் ஸ்கலிதம் நேர்ந்தால் குளிப்பு கடமையாகுமா என உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே வினவினார்கள், விடையும் பெற்றார்கள். மார்க்கம் கற்க வெட்கத்தைத் தடையாக்காத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். திருக்குர்ஆனின் 23ஆம் அத்தியாயம் கரு வளரும் படிநிலைகளை வரிசையாகவே கூறுகிறது. ஃபிக்ஹு நூல்களில் ஹைளும் நிபாஸும் விரிவாகப் பேசப்படுகின்றன.

ஆயினும் நம் மத்ரஸாச் சிறுமி தொழுகை விடுபடும் நாள்களின் கணக்கை அறிவாள். அவ்வுதிரம் ஏன் வருகிறது என்பதை அறியாள். சிறுவனுக்கோ இரண்டும் தெரியாது. அதைக் குறையென எவரும் கருதுவதுமில்லை. ஆலிமாக்களும் பெண் மருத்துவர்களும் கூடி அமர்ந்து ஒரு பாடநூலை ஆக்கட்டும். எந்தப் படம் தகும், எது தகாது என்பதை அவர்களே முடிவுசெய்யலாம்.