குடும்பச் சொல்லும் குடியுரிமையும்

இத்தாலிய எழுத்தாளர் நத்தாலியா கின்ஸ்பர்க் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குடும்பச் சொற்கோவை', யூதக் குடும்பமொன்றின் நினைவுநூலாகும். அவ்வாண்டே ஸ்திரேகா பரிசினையும் அது பெற்றது.

தூரின் நகரில் உடற்கூற்றியற் பேராசிரியராய் விளங்கிய தந்தை யூதர்; தாய் கத்தோலிக்க மரபினர். இல்லத்திற் சமய ஒழுக்கம் வேரூன்றவில்லை. ஆயின், தந்தையின் கடிந்துரைகளும் தாய் திரும்பத் திரும்பச் சொன்ன கதைகளும் பிள்ளைகளின் பொதுச் செல்வமாயின. பின்னாளில் வெவ்வேறிடங்களிற் சிதறிய உடன்பிறந்தாரை ஒரு குடும்பத்தவராய்ப் பிணித்தவை அச்சொற்களே.

ஆசிரியையின் கணவர் லியோனே கின்ஸ்பர்க் ஒதேசாவிற் பிறந்து, 1931இல் இத்தாலியக் குடியுரிமை பெற்றவர். பாசிச அரசுக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்து, 1934இற் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். 1938ஆம் ஆண்டின் இனச்சட்டங்கள் குடியுரிமையையும் பறித்தன. 1944 பெப்ரவரியில் உரோமைச் சிறையிற் சித்திரவதைக்குள்ளாகி மாண்டார். இப்பெருந்துயரை நூல் மிகச் சில வரிகளிற் கூறிக் கடந்துவிடுகின்றது.

இதனை உணர்ச்சி வறுமையென்று கொள்ளுதல் பொருந்தாது. வீட்டில் வழங்கிய சொல்லே இந்நூலின் பொருள். அச்சாவினைச் சொல்ல வீட்டாரிடம் சொல் இல்லை. ஆதலின் நூலும் மௌனமாகின்றது. ஏனைய பக்கங்களில் ஓயாது ஒலிக்கும் உரையாடலே அம்மௌனத்தின் கனத்தை உணர்த்துகின்றது. எனினும், ஆசிரியை தம் உள்ளத்தைப் பெரிதும் மறைத்தலால், அவர்தம் துயரை அறிய விழையும் வாசகர் சிறிது ஏமாற்றமடைவர்.

குடியுரிமையை அரசு வழங்கலாம், பறிக்கவும் செய்யலாம். உணவு மேசையிற் பழகிய சொல்லைப் பறிக்க எச்சட்டத்தாலும் இயலாது. ஆயினும், அச்சொல் லியோனேயின் உயிரைக் காக்கவில்லை என்பதை நூல் மறைக்கவில்லை. அந்நேர்மையினாலேயே இது வெறுங் குடும்பப் புகழ்ச்சியாகாது இலக்கியமாய் நிற்கின்றது.