யூதாஸின் இடத்தில் ஓர் ஏலக்காரர்

கொல்கத்தாவின் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் இருக்கும் 'கடைசி இராவுணவு' ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஓவியத்தைவிட அதைச் சுற்றிய வம்பைத்தான் அதிகம் பேசுகிறார்கள். வரைந்தவர் யோஹான் ஜோஃபனி. இயேசுவுக்கு மாதிரியாக உட்கார்ந்தவர் பார்த்தேனியோ என்ற கிரேக்கப் பாதிரியார். யோவானுக்கு முகம் கொடுத்தவர் பிளாக்கியர், பின்னாளில் ஊரறிந்த போலீஸ் மாஜிஸ்திரேட். யூதாஸ் ஆனவர் ஏலக்காரர் வில்லியம் டுல்லோ. வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இது. இதைக் கொண்டே கம்பெனிக் காலக் கல்கத்தாவின் துணிச்சலான அங்கதக்காரர் என்ற பெயர் ஜோஃபனிக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயருக்கு அவர் உரியவர்தானா?

ஆள் சாமானியர் அல்ல. ஜெர்மனியில் பிறந்து 1760இல் லண்டன் போய், மூன்றாம் ஜார்ஜுக்கும் அரசி சார்லட்டுக்கும் வேண்டிய ஓவியர் ஆனவர். அரசியையும் மூத்த மகன்கள் இருவரையும் அரண்மனை அறைக்குள் ஒரு தாயும் பிள்ளைகளுமாகவே அவர் வரைந்தார். ராஜ தோரணையைக் குறைத்ததால் ராஜாவுக்கே பிடித்துப்போன படம் அது. பிறகு ஃப்ளாரன்ஸ் நகரின் உஃபிஸி சேகரிப்பை வரைந்துவர அரசி அனுப்பினார். ஜோஃபனியோ அங்கே சுற்றிப்பார்க்க வந்த ஆங்கிலக் கனவான்களையும் சிலைகளுக்கு நடுவே நெருக்கியடித்து நிறுத்திவிட்டார். அரசி ரசிக்கவில்லை. அரண்மனை ஆதரவு வற்றியது. 1783இல் சென்னப்பட்டணத்தில் இறங்கி, அந்த ஆண்டே கல்கத்தா சேர்ந்தார். தெரிந்த முகத்தைத் தெரியாத இடத்தில் செருகும் பழக்கமும் கூடவே வந்தது.

1787இல் தேவாலயம் திறக்கப்பட்டபோது பீடத்துக்கு இந்தப் படம் கிடைத்தது. நிலம் கொடுத்தவர் சோபாபஜாரின் மகாராஜா நவகிருஷ்ண தேவ். கல் வங்காளத்தின் பழைய தலைநகர் கௌரின் இடிபாடுகளிலிருந்து வந்தது. படத்துக்குள்ளும் வங்காளம் இருக்கிறது. மேசையருகே இருக்கும் தண்ணீர்ப் பாத்திரம் நம்மூர்ப் படிக்கத்தின் வடிவில் இருக்கிறது. பக்கத்தில் தண்ணீர் சுமப்பவரின் தோற்பை. தொங்கும் வாளோ சாதாரணச் சேவகனின் வாள். புனித விருந்தை எச்சில் பாத்திரத்தோடு வைத்தது குறும்பு என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு இவை குறும்பாகப் படவில்லை. ஐரோப்பிய மாதிரியை மனப்பாடமாக ஒப்பிக்காமல், கண்ணில் பட்டதை வரையும் நேர்மை இது. படத்தில் உயிருள்ள பகுதியும் இதுதான்.

முகங்களின் கதை வேறு. டுல்லோ யார்? பொருளை ஏலம் கூவி விற்றவர். அவரை யூதாஸாக்கினால் கம்பெனியின் ஆளும் கவுன்சிலில் யாருக்கும் வலிக்காது. அதே ஊரில், கவர்னர் ஜெனரல்மீது லஞ்சப் புகார் சொன்ன நந்தகுமாரை 1775இல் தூக்கிலிட்ட நீதிமன்றம் இருந்தது. அதன் தலைமை நீதிபதியாக எலைஜா இம்பே இருந்திருக்கிறார். எல்லோருக்கும் மேலே அந்தக் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் இருந்திருக்கிறார். காட்டிக்கொடுத்தவனுக்கு முகம் தேடிய ஓவியரின் கண் ஏலக் கடையைத் தாண்டவில்லை. தாண்டவும் வழியில்லை, ஹேஸ்டிங்ஸ் அவரது புரவலர். விக்டோரியா நினைவகத்தில் இருக்கும் ஜோஃபனியின் படத்தில் ஹேஸ்டிங்ஸும் மனைவி மரியனும் அலிப்பூர்த் தோட்டத்தில் நிற்கிறார்கள். பணிப்பெண் சீமாட்டியின் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். துளி நக்கலும் இல்லாத, அழகான, சம்பளத்துக்குச் செய்த வேலை. 'இராவுணவு' ஓவியத்துக்குத் தேவாலயத்தார் மனமுவந்து நன்றி சொன்னார்கள். பல்லில்லாத கேலிக்குத்தான் பீடத்தில் இடம் கிடைக்கும்.

பல் எப்படி இருக்கும் என்பதை அதே ஹேஸ்டிங்ஸை வைத்து லண்டனில் ஜேம்ஸ் கில்ரே காட்டினார். 1788இல், ஹேஸ்டிங்ஸ் மீதான நாடாளுமன்ற விசாரணை தொடங்கிய சமயத்தில் வந்த செப்புத்தகட்டு அச்சுப் படம் ஒன்றில், சான்சலர் தர்லோவின் தோளில் ஹேஸ்டிங்ஸ் உட்கார்ந்திருக்கிறார், கையில் பணமூட்டைகள். தர்லோ கடப்பது ரத்தக் கடல். அதில் இந்தியப் பிணங்கள் மிதக்கின்றன. அரண்மனையையும் கில்ரே விடவில்லை. நிஜாம் அனுப்பிய வைரம் 1786இல் ஹேஸ்டிங்ஸ் வழியாக ராஜா கைக்குப் போனதும் தெருவெங்கும் அதே பேச்சு. அரசி சார்லட்டே நவாப் ஹேஸ்டிங்ஸின் காலடியில் பணிந்து கிடப்பதாகக் கில்ரே வரைந்தார். கோட்டின் வேகத்தில், உடலைப் பெருக்கியும் சுருக்கியும் அதிகாரத்தின் ஆபாசத்தைக் காட்டும் திறமையில், ஜோஃபனி அவருக்கு ஈடே இல்லை.

ஆனால் 1786இல் இதே கில்ரே, ஒட்டகத்தின் மேல் வரும் ஹேஸ்டிங்ஸை இந்தியாவின் ரட்சகராகவும், ஹேஸ்டிங்ஸ் மீது குற்றம் சாட்டிய நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க்கை அவரைச் சுடும் கொள்ளைக்காரராகவும் வரைந்தவர். இரண்டே ஆண்டில் எதிர்ப்பக்கம். 1796இல் இளவரசர் வீட்டுக் குழந்தையைக் கேலி செய்த படத்துக்காக அவர்மீது வழக்கு வந்தது. அது நடக்காமலே போனது, அடுத்த ஆண்டு முதல் அரசு உதவித்தொகை வந்தது. அந்த ரத்தக் கடலையும் திரும்பப் பாருங்கள்: ஹேஸ்டிங்ஸுக்கு முகம் உண்டு, தர்லோவுக்கு முகம் உண்டு. மிதக்கும் வங்காளிக்குப் பெயர் இல்லை, வழக்கும் இல்லை. அவன் அந்தப் படத்தில் கடலின் ஒரு பகுதி, அவ்வளவே. லண்டன்காரர்கள் தங்களுக்குள் போட்ட சண்டைக்கு நம் பிணங்கள் பின்னணி. ஓவியமாகப் பெரியது, சாட்சியமாக அரைகுறை.

துணிச்சல்தான் அளவுகோல் என்றால் ஓவியரே அல்லாத ஒருவரிடம் போக வேண்டியிருக்கிறது. ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி 1780 ஜனவரி 29இல் கல்கத்தாவில் தொடங்கிய 'பெங்கால் கெஸட்' இந்தியாவின் முதல் அச்சுப் பத்திரிகை. பாலம், கரை பராமரிக்கும் ஒப்பந்தம் தன் உறவினருக்குப் போகும்படி பார்த்துக்கொண்ட இம்பேக்கு அவர் வைத்த பட்டப்பெயர் 'பூல்பந்தி பிரபு'. ஹேஸ்டிங்ஸுக்கும் தனியாக உண்டு. எழுத்தில் நாகரிகம் குறைவு. பெண்களைப் பற்றிய கிசுகிசுவில் கீழே இறங்கிவிடுகிறார், அதை மன்னிக்க எனக்கு மனமில்லை. கம்பெனியார் அவரது தபால் சலுகையை நிறுத்தினார்கள். 1781இல் அவதூறு வழக்குப் போட்டார்கள். தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்தின் தலைவர் அதே இம்பே. சிறையிலிருந்தும் பத்திரிகை வந்தது. 1782இல் அச்சுப்பொறியைப் பறித்த பிறகே நின்றது.

ராஜாவையே கேலி செய்தவர் லண்டனில் உதவித்தொகை வாங்கிய காலத்துக்குப் பதினைந்து ஆண்டு முன்பே, ராஜாவின் வேலைக்காரரைக் கேலி செய்தவர் கல்கத்தாவில் அச்சுப்பொறியை இழந்திருக்கிறார். கலையில் கில்ரேயை முதலிலும், ஆபத்தை ஏற்றதில் ஹிக்கியை முதலிலும் வைப்பேன். ஜோஃபனி நல்ல ஓவியர். அவரது யூதாஸைச் செயின்ட் ஜான்ஸில் பார்க்கலாம், ரசிக்கலாம். அங்கதக்காரர் பட்டியலில் அவர் பெயரை எழுத மாட்டேன்.