இரட்சணிய யாத்திரிகத்தில் துன்பமும் சான்று பகர்தலும்: ஜொகூரிலிருந்து ஒரு வாசிப்பு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜொகூரின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழருள் கிறித்தவரும் இருந்தனர். பால்மரக் காட்டின் கடும் உழைப்பும், 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில்பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்ட கொடுமையும் இந்நாட்டுத் தமிழர் நினைவில் ஊன்றியவை. இச்சூழலில் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகத்தை'ப் பயிலும்போது நம்முள் ஒரு வினா எழுகின்றது. துன்பத்திற்கும் ஒரு நோக்கம் உண்டு என்னும் கிறித்தவ நம்பிக்கையை இக்காப்பியம் எங்ஙனம் நிறுவுகின்றது? அந்நம்பிக்கை யாரைச் சென்றடைந்தது?

துன்பத்தின் பயன்

1894இல் வெளிவந்த இக்காப்பியம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலைத் தழுவியது. பனியன் இசைவின்றி நற்செய்தி அறிவித்தமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டில் சிறைப்பட்டிருந்தவர். இனிப் போதிப்பதில்லை என உறுதி கூறியிருப்பின் அவர் விடுதலை பெற்றிருக்கக்கூடும். அவர் அதற்கு இசையவில்லை. கிருஷ்ண பிள்ளையோ (1827–1900) நெல்லைச் சீமையின் வைணவக் குடியில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். இருவருக்கும் சமயப் பற்று விலை கொடுத்துப் பெற்ற ஒன்றாகும்.

கதையின் நடுவே, மாயச் சந்தையில் பயணியும் அவனுடைய வழித்தோழனும் சிறைப்படுகின்றனர்; தோழன் கொலைத் தண்டனை பெறுகின்றான். அவர்களுடைய சொல்லையும் பொறுமையையும் கண்ட அவ்வூரான் ஒருவன் மனந்திரும்பிப் பயணிக்குத் துணையாகின்றான். இங்கு இரண்டு செய்திகளை நாம் கருத வேண்டும். முதலாவது, அத்துன்பத்தை விளைத்தது அநீதியான வழக்குமன்றம்; கதை அதனை மறைக்கவில்லை. ஆகவே, 'பொறுத்துக்கொள்' என்று ஏழைக்கு அறிவுரை கூறும் நூலாக இதனைக் கொள்ளுதல் பிழையாகும். இரண்டாவது, துன்பம் பிறன் ஒருவனுக்குச் சான்றாக எட்டியபோதே நோக்கம் பெறுகின்றது. தனித்துத் தாங்கிய துயரை இக்கதை போற்றுவதில்லை.

நடையின் எல்லை

இவ்வளவுகோலைக் கொண்டே காப்பியத்தையும் அளத்தல் தகும். 'கிறித்தவக் கம்பன்' எனப் போற்றப்பட்ட ஆசிரியர், ஐந்து பருவங்களில் விருத்தப்பாவின் ஓசையையும் பக்தி இலக்கியக் கனிவையும் ஒருங்கே அமைத்துள்ளார். அயல்நாட்டுக் கதை தமிழ்க் கதையாகவே ஒலிப்பது அவரது வெற்றி. ஆயின் பனியன் எளிய மக்களின் மொழியில் எழுதினார். கிருஷ்ண பிள்ளை கற்றோர் செவிக்கே பாடினார். பிரட்டுக் களத்தில் விடியுமுன் நின்ற தொழிலாளிக்கு இவ்விருத்தங்கள் எட்டியிருத்தல் அரிது. சாமுவேல் பவுலின் 'மோட்சப் பிரயாணம்' என்னும் உரைநடைப் பெயர்ப்பே எளிய வாசகருக்கு ஏற்றதாய் அமைந்தது. காப்பியத்தினுள் இடம்பெறும் இசைப்பாடல்கள் மட்டும் இவ்விடைவெளியை ஓரளவு குறைக்கின்றன எனலாம்.

முடிவுரை

நற்செய்தியைப் பகிர்தலே துன்பத்தின் பயன் என்று கூறும் காப்பியம், தன் மொழியால் அப்பகிர்வைச் சுருக்கிக்கொண்டது என்பதே நம் முடிபு. இது காப்பியத்தின் பெருமையைக் குறைப்பதன்று. எஞ்சிய பணியைச் சுட்டுவதேயாகும். கடினச் சொற்களைப் பொருள் விளக்கி, சந்தை வழக்கின் அநீதியைத் தம் மாணவரின் குடும்ப வரலாற்றோடு இணைத்துத் தமிழாசிரியர் கற்பிப்பாராயின், நெல்லைப் புலவரின் குரல், அன்று அதனைக் கேட்க இயலாத தோட்டத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகளையேனும் வந்தடையும்.