வயசு ஏறுது, வீடு முடியேல்லை

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு பெண் பட்டம் வாங்கி இரண்டு வருடம் வேலைக்கும் போய்விட்டால், அவளுடைய அம்மாவைத் தெருவில் நிறுத்தி விசாரிக்க ஆள் வந்துவிடும். "என்னக்கா, மூத்தவளுக்கு இன்னும் பாக்கலையா? வயசு ஏறுதுல்ல?" யாழ்ப்பாணத்தில் அதே வயதுப் பெண்ணின் தாயிடம் கேட்பது கொஞ்சம் வேறு. "வீடு முடிஞ்சுதோ? அண்ணன்காரன் காசு அனுப்புறானோ?" எங்கள் பக்கம் வயதை எண்ணுகிறார்கள். அங்கே சீதனத்தை எண்ணுகிறார்கள். எங்கள் பெண்கள் அவசரப்படுத்தப்படுகிறார்கள், அங்குள்ள பெண்கள் காக்கவைக்கப்படுகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வயது வெறும் சாக்கு. ஒரு பெண்ணின் பங்கை எப்போது, யார் கையில், எந்த நிபந்தனையோடு கொடுப்பது என்பதுதான் இரண்டு கரையிலும் உள்ள உண்மையான கேள்வி.

எங்கள் ஊர்க் கணக்கை முதலில் சொல்கிறேன். பக்கத்துச் சிவகாசியில் அச்சாகும் தினசரிக் காலண்டர் இல்லாத வீடு இங்கே கிடையாது. முகூர்த்த நாட்கள் அதில் போட்டிருக்கும். ஜாதகக் கட்டைக் கையில் எடுத்துவிட்டால் வீட்டின் பேச்சே மாறிவிடும். "ஆடி வந்துட்டா ஒரு மாசம் போயிரும், ஆவணிக்குள்ள முடிக்கணும்." ஆவணி போனால் ஐப்பசி, அதுவும் போனால் மார்கழி கழிந்து தை. இப்படி ஒவ்வொரு முகூர்த்த மாதமும் ஒரு கெடுவாக வந்து நிற்கும். பெண்ணுக்கு 25 ஆகிவிட்டால் பெற்றோரின் குரல் தணிந்துவிடும், மாப்பிள்ளை வீட்டாரின் குரல் ஏறிவிடும். பவுன் கணக்கும் கூடவே ஏறும். அவளுக்குப் பின்னால் தங்கை இருந்தால் இன்னும் மோசம். "ஒன்னாலதான் அவளுக்கும் தள்ளிப்போகுது" என்ற சொல்லைக் கேட்காத அக்காள் இந்தப் பக்கத்தில் அபூர்வம். முறைமாமன் இருக்கிற வீடுகளில் பேச்சு இன்னும் சீக்கிரம் ஆரம்பித்துவிடும். அவனுக்கு வயதாகிறது என்பதற்காக இவளுடைய படிப்பு நிற்கும்.

மொய்யையும் இதில் சேர்க்க வேண்டும். இருபது வருடமாக ஊர் முழுக்கச் செய்த மொய் நோட்டில் இருக்கிறது. மகள் கல்யாணத்தில்தான் அது திரும்பி வரும். மகள் கல்யாணமே வேண்டாம் என்றால் அந்தப் பணம் ஊரிலேயே தங்கிவிடும். இதை எந்தத் தகப்பனும் வெளியே சொல்ல மாட்டார். ஆனால் வட்டிக்கு வாங்கி மொய் செய்த வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

இதெல்லாம் நடப்பது ஆண்டாளின் ஊரில். பங்குனி உத்திரத்தன்று ரங்கமன்னாருக்கும் ஆண்டாளுக்கும் இங்கே திருக்கல்யாணம் நடக்கிறது. மார்கழி முப்பது நாளும் திருப்பாவை பாடி நோன்பிருந்தால் நல்ல வரன் அமையும் என்று பெண்பிள்ளைகளை அதிகாலையில் எழுப்பி அனுப்புகிறார்கள். வைணவக் கல்யாணங்கள் வாரணமாயிரம் ஓதாமல் முடிவதில்லை. ஆனால் அந்தப் பாசுரங்களைப் பாடியவள் யார்? மனிதர் எவருக்கும் தன்னைப் பேசக் கூடாது என்று உறுதியாக நின்றவள். பெரியாழ்வார் அவளுக்கு ஊரில் மாப்பிள்ளை தேடித் தோற்றவர். மகளின் விருப்பத்தைக் கேட்டு அவளைத் திருவரங்கம் வரை அழைத்துப் போனார் என்பதே குருபரம்பரைக் கதை. எங்கள் ஊர்ப் பெற்றோர் அவளுடைய மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அவளுடைய தகப்பனார் செய்ததைச் செய்வதில்லை. தன் மகளிடம் "ஒனக்கு யாரு வேணும், எப்ப வேணும், வேணுமா வேண்டாமா" என்று கேட்கிற ஒரு பெரியாழ்வாரைத் தெருவுக்கு ஒருவராகக் காட்ட முடிந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதவே தேவையில்லை.

1989ஆம் ஆண்டை நம்மவர்கள் மறந்துவிட்டார்கள். அந்த வருடம் தமிழ்நாடு அரசு இரண்டு காரியங்களைச் செய்தது. மகளுக்கும் மகனைப் போலவே பூர்விகச் சொத்தில் பிறப்பால் பங்கு உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு உதவ மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஒரு திட்டமும் தொடங்கியது. முன்னது பெரிய புரட்சி. ஆனால் அதில் ஒரு வரி இருந்தது. 1989 மார்ச் 25க்கு முன் மணமான பெண்களுக்கு அந்தப் பங்கு கிடையாது. ஒரே வீட்டில் பிறந்த அக்காளுக்குப் பங்கில்லை, அவசரப்படாமல் இருந்த தங்கைக்குப் பங்குண்டு. வயசு ஏறுது என்று விரட்டி முடிக்கப்பட்ட கல்யாணம் ஒரு பெண்ணின் காணி நிலத்தையே தின்றது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்த பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. மணமானவளா ஆகாதவளா என்பது பிறப்புரிமையைத் தொடாது என்ற இடத்துக்குச் சட்டம் வந்துசேர 16 வருடம் பிடித்தது.

இரண்டாவது காரியமான திருமண உதவித் திட்டத்திலும் ஒரு நல்லது இருந்தது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் பல பெண்களைப் பள்ளியில் தங்கவைத்தன. பின்னாளில் பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் என்று அது வளர்ந்தது. 2016இல் அந்தத் தங்கம் 8 கிராம் ஆனது. ஆனாலும் அரசின் பணம் பெண்ணைத் தேடி வருவது கல்யாணப் பந்தலுக்குத்தான் என்பது மாறவில்லை. 2022இல் அதே திட்டத்தைப் புதுமைப் பெண் என்று மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். தாலித் தங்கம் போயிற்றே என்று இங்கே வருத்தப்பட்டவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் பெண்ணின் வயதைப் பற்றி எடுக்கப்பட்ட முடிவுகளில் இது மிகச் சரியானது.

இன்னொரு பணமும் கல்யாணத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களைக் கூட்டிப்போய், விடுதியில் வைத்து, மூன்று வருடம் வேலை வாங்கி, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லித்தான் பெற்றோரைச் சம்மதிக்க வைத்தார்கள். இடையில் உடம்பு முடியாமல் திரும்பியவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. தன் சம்பளத்தைத் தன் கையில் வாங்கவும் ஒரு பெண் மணமகளாக வேண்டியிருந்தது.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். அங்கே பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம், அதில் முதன்மையானது வீடு. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வடக்குத் தமிழரின் வழமைகளை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றனர். தேசவழமை என்ற அந்தச் சட்டம் இன்றும் அங்கே நடைமுறையில் உள்ளது. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்தை அது மூன்றாகப் பிரிக்கிறது. மகன் மணமாகும் வரை சம்பாதித்ததைக் குடும்பப் பொதுவில் சேர்க்க வேண்டும் என்றும் பழைய தொகுப்பு சொல்கிறது. மூன்று நூற்றாண்டுக்கு முன் எழுதியது இன்று ரொறன்ரோவில் இரட்டை வேலை செய்கிற ஒரு அண்ணனின் வாழ்க்கையாக இருக்கிறது. தங்கச்சிமார் மூன்று பேருக்கும் வீடு கட்டி, நகை போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு டொனேசன் என்ற பெயரில் ரொக்கமும் கொடுத்துக் கரைசேர்த்த பிறகுதான் அவனுக்குப் பேச்சு தொடங்கும். அதற்குள் அவனுக்கு 38, 40 ஆகியிருக்கும். அந்த டொனேசன் பணம் பல வேளை மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாகப் போய்விடும்.

அந்த ஏற்பாட்டில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பொறாமைப்படத்தக்க ஒன்று உண்டு. வீட்டுக்கு அவள் பெயரில் உறுதி, அதாவது பத்திரம், எழுதப்படுகிறது. மாமியார் வீட்டில் போய் நிற்கிற மருமகளின் நடுக்கம் அங்கே குறைவு. எங்கள் ஊர்ப் பெண்ணின் பவுன் மறுவருடமே அடகுக்கடைக்குப் போய்விடும், வீடு அப்படிப் போகாது. ஆனால் அந்தப் பெருமையை அரைகுறையாக்குவதும் அதே சட்டம்தான். தன் பெயரில் உள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ மணமான பெண்ணுக்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். மணமாகாத பெண்ணுக்கோ, எந்த வீட்டுக்காக அவளுடைய இருபதுகள் முழுவதும் கழிந்தனவோ அந்த வீட்டுக்கு உறுதி எழுதுவதே இல்லை. சீதனத்தைத் தடுக்கும் சட்டமும் இலங்கையில் கிடையாது. இந்தியாவில் 1961இலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. நாம் அதை மதித்த அழகு வேறு கதை.

காத்திருப்பு இலங்கைக்குப் பழகிய ஒன்று. 1971 குடிசன மதிப்பீட்டிலேயே அங்குள்ள பெண்களின் சராசரித் திருமண வயது 23ஐத் தாண்டிவிட்டது. அந்நாளில் இந்தியாவின் சராசரி 18ஐ எட்டவில்லை. 1945 முதல் இலவசக் கல்வி கொடுத்த நாடு அது, பெண்கள் படித்தார்கள், கல்யாணம் தள்ளிப்போயிற்று. நல்ல மாற்றம்தான். ஆனால் வயது கூடியதால் நெருக்கடி குறைந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 23இல் வர வேண்டிய கேள்வி 28இல் வருகிறது. அதற்குள் "பிள்ளைக்கு ஒண்டும் சரிவரேல்லையோ" என்ற இரக்கமும் சேர்ந்துகொள்கிறது. செவ்வாய்க் குற்றம், சாதி, பகுதி, வெளிநாட்டு விசா எல்லாம் பார்த்துப் பார்த்துப் பெண்ணின் கூந்தலில் நரை விழுந்துவிடும். சட்டத்தில் வயதை உயர்த்தினால் போதும் என்று நம்புகிற நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெண்ணின் குறைந்தபட்ச வயதை 21 ஆக்க 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதா அந்த மக்களவையோடு காலாவதியானது. அது நிறைவேறியிருந்தாலும் ராஜபாளையத்துத் தெருக்கேள்வி சற்றுத் தாமதமாக வந்திருக்கும், அவ்வளவுதான்.

இலங்கையில் போர் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. 2006க்குப் பின் வன்னியில் கட்டாய ஆட்சேர்ப்பு கடுமையானபோது, மணமானவர்களை விடுதலைப் புலிகள் இயக்கம் பிடிக்காது என்ற நம்பிக்கையில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் அவசரமாகத் தாலி கட்டிவைத்தார்கள். அந்த விலக்கும் நிலைக்கவில்லை. உயிரைக் காக்கச் செய்த அந்தக் கல்யாணங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பதிவில்லாமல், கணவன் காணாமல் போய், கையில் குழந்தையோடு இருபது வயதில் நின்ற பெண்களுக்குப் பிறகு யாரும் எந்தக் கெடுவும் வைக்கவில்லை. மறுமணம் என்ற பேச்சே அவர்களுக்கு மறுக்கப்பட்டது. வயது வயது என்று கூவுகிற ஊர், 22 வயது விதவைக்கு மட்டும் வயதைப் பார்ப்பதில்லை. இதில் இரண்டு கரைக்கும் வேற்றுமை இல்லை.

ஊருக்குத் திரும்ப முடியாத புலம்பெயர் மாப்பிள்ளைகளுக்காகத் தமிழ்நாட்டின் மண்டபங்களில் யாழ்ப்பாணக் கல்யாணங்கள் நடந்த காலமும் அதுவே. இப்படி நாடுகடந்த கல்யாணங்களைப் பற்றிச் சித்தார்த்தன் மௌனகுரு 2019இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். சிதறிய குடும்பங்களை ஒட்டவைக்கும் வழியாகக் கல்யாணம் ஆனதை அவர் காட்டுகிறார். ஒரு பெண்ணின் கல்யாணம் அவளுடைய தம்பியின் எதிர்காலமும், பெற்றோரின் கனவு நாடும் ஆனபோது, வேண்டாம் என்று அவள் சொல்வது எத்தனை பேருக்கு எதிராகச் சொல்வது!

இலங்கையைப் பார்க்க நாங்கள் கடல் தாண்ட வேண்டியதுமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் வழியில் மொட்டமலையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. முகாம் வீடுகள் அவர்களுடைய சொத்தல்ல, எனவே சீதனமாக எழுத வீடு இல்லை. அண்ணன் பெயிண்ட் அடிக்கப் போகிறான், தங்கை படிக்கிறாள். இரண்டு நாட்டு வழக்கங்களின் பாரமும் சேர்ந்து இவர்கள்மேல்தான் விழுகிறது. வயதுக்கு எங்கள் ஊரின் அவசரம், செய்முறைக்கு அவர்கள் ஊரின் எதிர்பார்ப்பு. அதற்கு மேல் குடியுரிமை. இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கும், தாயும் தகப்பனும் முகாம்காரர் என்பதால், அது கேள்விக்குறி. வரனைப் பார்க்கும்போது அடையாளக் கார்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. '90ஸ் கிட்ஸ்' என்று எங்கள் பக்கம் கேலி செய்யப்படுகிற முப்பது தாண்டிய பையன்கள், விவசாயமும் விசைத்தறியும் பார்க்கிறவர்கள், பெண் கிடைக்காமல் தரகரிடம் பணம் கட்டி அலைகிறார்கள். அவர்களுடைய வலி உண்மையானது, கேலிக்குரியதல்ல. ஆனால் அவர்களை யாரும் தங்கைக்குத் தடையென்று பழிப்பதில்லை. தனியாக ஒரு வீடு வாடகைக்குக் கேட்டால் அவர்களுடைய நடத்தையைத் தோண்டுவதில்லை. மணமாகாத 32 வயதுப் பெண் ராஜபாளையத்தில் தனியாக ஒரு வீடு கேட்டுப் பார்க்கட்டும், தெரியும்.

அதனால்தான் வீட்டிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து வழக்கத்தில் மகள் பெயரில் வீடு எழுதுவது இருக்கிறது, எங்கள் சட்டத்தில் பிறந்தவுடனே பங்கு என்பது இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, கல்யாண நிபந்தனையைக் கழித்துவிடலாம். மகளுக்கு 25 ஆனால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தகப்பனார், அதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகம் போய் அவள் பங்கை அவள் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கட்டும். யாழ்ப்பாணத்து அண்ணன், மாப்பிள்ளையின் பெயர் தெரியும் முன்பே, நொத்தாரிசிடம் தங்கையின் பெயரில் நன்கொடை உறுதி முடிக்கட்டும். அதன் பிறகு அவள் கல்யாணம் செய்துகொள்ளலாம், தள்ளிப்போடலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். எது சொன்னாலும் அவள் நின்று சொல்ல ஒரு இடம் இருக்கும்.