காணியும் ஏக்கரும் ஒரே பத்தியில்

திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை போட்டிருப்பவரிடம் நிலம் எவ்வளவு என்று கேட்டால், "மூணு காணி" என்பார். ஒரு காணி ஏறத்தாழ 1.32 ஏக்கர். நான் வேலை செய்த ஒரு டேப்லெட் கணக்கெடுப்பில் முதல் இரண்டு வாரம் கேள்வி காணியில்தான் இருந்தது. பிறகு யாரோ அதை ஏக்கர் என்று திருத்தினார்கள். திரையில் தெரிந்த வாசகம்தான் மாறியது. உள்ளே கேள்விக்கு இருந்த பெயர் மாறவில்லை. பழைய 3, புதிய 3 இரண்டும் தரவு அட்டவணையின் ஒரே பத்தியில் போய் உட்கார்ந்தன. சில டேப்லெட்டுகளில் பழைய படிவமே இருந்ததால் தேதியை வைத்தும் பிரிக்க முடியவில்லை. படிவத்தின் பதிப்பு எண்ணைப் பதிவுதோறும் பார்த்துத்தான் பிரித்தோம். தரவு ஒன்றுகூட அழியவில்லை. ஆனாலும் நிலக்கணக்கு கெட்டிருந்தது.

ஓடிகே, கோபோ போன்ற கணக்கெடுப்புச் செயலிகளில் வேலை செய்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேள்வியைச் சேர்க்கலாம், இருப்பதன் பெயரைத் தொடக்கூடாது. வேண்டாத கேள்வியை நீக்காமல் மறைத்து வைக்க வேண்டும். விடைப் பட்டியலில் 'வேறு' என்பதற்கு 9 என்றால், பத்துப் பயிர் புதிதாக வந்தாலும் 9 'வேறு'தான். இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். பெயரை மாற்றினால் புதுப் பத்தி முளைக்கும், பழைய விடைகள் தனித்து நிற்கும். சிக்னல் இல்லாத ஊரில் பழைய படிவத்தோடு மூன்று நாள் அலைந்தவரின் உழைப்பு வீணாகாமல் வந்து சேர்வதும் இந்தக் கட்டுப்பாட்டால்தான்.

ஆனால் இது பத்தியைத்தான் காக்கிறது, பொருளைக் காப்பதில்லை.

கடலூர், விழுப்புரம் பகுதியில் 10 ஊர்களில் 2010-இல் 405 குடும்பங்களிடம் கடன், வேலை பற்றி ஆய்வு நடந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு இணைந்த ஆய்வாளர்கள் 2016-17-இல் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். இந்த முறை 492 குடும்பங்கள். நடுவில் 2016 நவம்பர் 8 வந்தது, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. களப்பணி தடைபட்டது, தொடர்ந்தபோது பணமதிப்பிழப்பு பற்றிய கேள்விகளும் சேர்ந்தன. சேர்த்தது சரியான முடிவு. கைமாற்றுக்கு யார் கதவைத் தட்டினார்கள் என்பதை அந்த வாரங்களில் கேட்காமல் எப்போது கேட்பது? அதே சமயம், இப்படி நடுவழியில் ஒரு கேள்வி சேரும்போது முன்பே பேட்டி முடிந்த வீடுகளுக்கு அந்த இடம் வெற்றாக நிற்கும். அதற்குப் பொருள் 'கேட்கவில்லை' என்பது. அதை 0 என்று நிரப்புகிறவர், பாதிப்பே இல்லை என்று அந்தக் குடும்பத்தின் வாயில் சொல்லைத் திணிக்கிறார்.

மாவட்டம் என்ற எளிய கேள்வியும் நழுவக்கூடியதுதான். 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் பிரிந்தது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதே விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு என்ற ஊரைப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் 1916-இல் ஆய்வு செய்தார்கள். 1937, 1981, 2008 என்று அந்த ஊருக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒவ்வொரு முறையும் கேள்விகள் வேறு, கேட்டவர்களும் வேறு. நெல்லாக அளந்த கூலியும் ரூபாயாகக் கொடுக்கும் கூலியும் ஒரே 'கூலி' அல்ல. ஆனாலும் நூறாண்டு நெருங்கிய மாற்றத்தை ஒப்பிட முடிந்ததற்குக் காரணம், எதை எப்படி அளந்தோம் என்று அவர்கள் வாக்கியமாக எழுதி வைத்ததுதான். காகிதத்தில் ஓரக்குறிப்புக்கு இடம் இருந்தது. டேப்லெட் படிவத்தில் அந்த ஓரம் இல்லை. நாமே உண்டாக்கினால்தான் உண்டு.

படிவத்தைத் திருத்தும் இடத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அலகு மாறினால் அது புதுக் கேள்வி. அதற்குப் புதுப் பெயர் கொடுங்கள். எந்தத் தேதியில் எது மாறியது, ஏன் மாறியது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதித் தரவோடு சேர்த்தே வையுங்கள். திருத்துவதற்கு முன் களத்தில் இருப்பவருக்கு ஒரு போன் போடுங்கள். அந்த ஊரில் நிலத்தைக் காணியில் சொல்கிறார்களா, ஏக்கரில் சொல்கிறார்களா என்பது அவருக்குத் தெரியும்.