அனங்கனின் உடுப்பு

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும்போது இலங்கையின் மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் காமன் கம்பம் நடுவது வழக்கம். முழுநிலவை ஒட்டிய இரவில் தகனம். இடைப்பட்ட நாட்களில் மன்மதனாகவும் ரதியாகவும் ஆட நேர்ந்துகொண்டவர்கள் காப்புக் கட்டி விரதம் காக்கிறார்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளைக் காட்டுவழியே நடந்து வந்த தொழிலாளர்கள் மலைநாட்டுக்குள் நுழைந்த வாசல் மாத்தளை. அவர்களோடு வந்த காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் மூன்றும் மலையகத்தின் பெருங்கூத்துகளாக இன்றும் எண்ணப்படுகின்றன. மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைத் தேடி எழுதி வைத்ததால் இவற்றின் கதையும் சடங்கும் நமக்கு ஓரளவு தெரிகின்றன. ஆனால் இந்தக் கூத்துகளில் ஒரு பாத்திரத்தின் உடை சொல்லால் எப்படி உருவாகிறது, கேட்பவர் அதில் எதைக் கவனிக்கிறார் என்பது தனியே கேட்க வேண்டிய கேள்வி. ரதியாக நிற்பவர் மரபாக ஓர் ஆண். அவர் உடுத்தியிருப்பது லயத்து வீடொன்றில் கிடைத்த சேலையாக இருக்கலாம். பாட்டு அதைப் பட்டென்கிறது, கூட்டமும் பட்டாகவே எடுத்துக்கொள்கிறது. கண் கண்டதைச் சொல் மாற்றிவிடும் அந்த இடந்தான் இக்கட்டுரையின் பொருள்.

இதே கேள்வியை வேறொரு கூத்துக் களம் கடந்த அரை நூற்றாண்டாக எழுப்பி வருகிறது. படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் நடக்கும் கணினி விளையாட்டுகளைச் சொல்கிறேன். வில் கிரௌதர் 1976இல் எழுதி டான் வூட்ஸ் 1977இல் விரித்த குகை விளையாட்டில் தொடங்கியது இந்த மரபு. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய 'மட்' என்ற விளையாட்டில் பலர் ஒரே நேரத்தில் வேடமேற்று ஒரே உலகில் திரிய முடிந்தது. 1990இல் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்ப்டாமூவில் ஆடுகிறவரே தம் உருவத்தையும் உடையையும் எழுதிக்கொண்டார். அங்கே ஒருவரின் உடை தானாகக் கண்ணில் படாது. இன்னொருவர் 'பார்' என்று கட்டளையிட்டால்தான் அந்த வருணனை திரையில் விரியும். கவனித்தல் என்பதே தனியாகச் செய்ய வேண்டிய ஒரு செயலாகிவிடுகிறது. இவ்வகை விளையாட்டுகள் சிலவற்றில், இன்னார் உன்னைப் பார்க்கிறார் என்ற செய்தி பார்க்கப்படுபவருக்கும் போய்ச் சேரும். தெருவில் போகிறவரின் உடையைப் பார்த்தும் பாராததுபோல் நாம் நடந்துவிடலாம். அந்த உலகத்தில் அதற்கு வழியில்லை.

இவ்வளவு கூர்மையான கருவி கையில் இருந்தும் ஆடியவர்கள் எழுதிய உடை வருணனைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. கர்ட்டிஸ் 1992இல் எழுதிய ஆய்வுரையில், மர்மமும் வல்லமையும் பொருந்தியவர்களாகத் தம்மை வருணித்துக்கொண்டவர்களை எண்ணி மாளாது என்று அலுத்துக்கொள்கிறார். ஒவ்வொருவரும் தனித்துத் தெரிய விரும்பியே எழுதினார்கள். எல்லோரும் அப்படி எழுதியதால் யாரும் தனித்துத் தெரியவில்லை. 1990களின் தொடக்கத்தில் கோப்பன்ஹேகனில் பிறந்த டிக்குமட் வகை விளையாட்டுகள் வேறு வழியில் போயின. அங்கே தலை, உடல், கை, கால், இடுப்பு என்று உறுப்புக்கு ஓர் இடம் ஒதுக்கி, அந்தந்த இடத்தில் அணிந்தது என்ன என்று பட்டியல் வரும். ஒவ்வோர் உடுப்புக்கும் காக்கும் வலுவைச் சொல்லும் ஓர் எண் உண்டு. அந்த எண் கணக்கில் இருப்பதால் ஆடுகிறவர் பட்டியலை ஆழ்ந்து படிக்கிறார். ஆனால் துணியின் நிறமும் நெசவும் எண்ணுக்குப் பின்னால் மறைந்துபோகின்றன. முன்னதில் உடை வெறும் அலங்காரம், பின்னதில் வெறும் கணக்கு. இரண்டிலும் உடையாகவே ஒன்று மனத்தில் நிற்பது அரிது.

நின்றவை உண்டு, அவை எப்படி நின்றன என்று பார்க்க வேண்டும். டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரட்ஸ்கியும் 1984இல் இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக எழுதிய விளையாட்டில் ஆடுகிறவர் இருட்டில், தலைவலியோடு படுக்கையில் விழிக்கிறார். அறையில் ஒரு வீட்டு அங்கி கிடக்கிறது. அதை எடுத்து உடுத்திக்கொண்டு பையைத் துழாவினால் வலிமாத்திரை கிடைக்கும். பின்னால் ஒரு விண்கலத்தில் அதே அங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினால்தான் வேறொரு சிக்கல் அவிழத் தொடங்கும். அந்த அங்கியின் அழகைப் பற்றிப் பெரிய வருணனை எதுவும் தேவைப்படவில்லை. ஆடியவர்களோ அதை மறக்கவில்லை. ஆடம் கேட்ரே 1998இல் எழுதிய 'ஃபோட்டோபியா'வில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. ஒரு பகுதியில் ஆடுகிறவர் விண்வெளி உடுப்பு அணிந்திருக்கிறார். அது அங்கே இருக்கிறது என்பதையே மறந்து நெடுந்தூரம் நடக்கிறார். வழி புலப்படாத ஒரு சுழலில் சிக்கி, அந்த உடுப்பைக் களைந்த பின்புதான் தனக்குச் சிறகுகள் இருப்பதை உணர்கிறார். அதுவரை உடுப்பு கண்ணுக்குத் தெரியாத உடுப்பு. களைந்தபோதுதான் அது கவனத்துக்கு வந்தது. என் வாதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சொல்லால் ஆன உலகில் உடை பெயராக வரும்போது கவனம் அதைத் தாண்டிச் செல்கிறது. உடுத்தல், களைதல், இழத்தல், மாறுதல் என்று வினையாக வரும்போது நின்று பார்க்கிறது.

தமிழில் இதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டாம். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி பூண்ட அணிகலன்களை இளங்கோ விரல், பாதம், கணுக்கால் தொடங்கி மேல்நோக்கி ஒன்றுவிடாமல் அடுக்குகிறார். அணிகலன் வரலாறு எழுதுகிறவர்களுக்கு அது ஒரு புதையல். ஆனால் காப்பியத்தைப் படித்து முடித்த ஒருவரிடம் மாதவி அன்று இடையில் என்ன பூண்டிருந்தாள் என்று கேட்டால் பதில் வராது. கண்ணகி என்ன அணியவில்லை என்று கேட்டால் வரும். அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் கணவனைப் பிரிந்த அவளை இளங்கோ காட்டுவது முழுக்க இல்லாமையால்தான்: காலில் சிலம்பில்லை, இடையில் மேகலையில்லை, நெற்றியில் திலகமில்லை, கண்ணில் மையில்லை. ஒரே நூலில், ஒரே புலவர், இரண்டு பெண்களை இரண்டு முறையில் உடுத்துகிறார். காலிலிருந்து கழன்ற சிலம்பைச் சுற்றியே பின்கதை முழுவதும் சுழல்கிறது. இணையில் ஒன்று பிரிந்து விலைக்குப் போனதும், உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்ற ஐயம் எழுந்ததுமே அந்த அணியை நம் கண்ணில் நிறுத்தின. இது தற்செயலென்று எனக்குத் தோன்றவில்லை. மாதவியைப் பட்டியலிட்டதும் கண்ணகியை இன்மையால் காட்டியதும் தெரிந்தே செய்த தேர்வு என்றுதான் படிக்கிறேன்.

உடையைக் கவனிப்பவர் யார் என்பதும் இதில் கலந்திருக்கிறது. வடமொழி இராமாயண மரபில் சீதை வழியில் எறிந்த நகைகளைக் கிட்கிந்தையில் காட்டும்போது இலக்குவன் காற்சிலம்பை மட்டுமே அடையாளம் காண்கிறான். நாள்தோறும் அவள் பாதத்தை வணங்கியவனுக்கு மற்றவை பழக்கமில்லை. கவனம் உறவின் எல்லைக்குள் நிற்கிறது. தோட்டத்து மக்களுக்கு உடையை வாசிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலும் இதே விடைதான். களிசான் என்றால் துரை. கோட்டும் தலைப்பாகையும் என்றால் பெரிய கங்காணி. மழையில் தலைமேல் கொங்காணியாக மடித்துப் போட்ட கம்பளியும், நனைந்த தேயிலைச் செடி உரசாமல் இடுப்பில் சுற்றிய படங்கும் என்றால் கொழுந்தெடுக்கும் பெண். எல்கடுவைச் சரிவிலானாலும் ரத்தோட்டைப் பக்கமானாலும் எதிரே வருகிறவரின் உடுப்பு, வழிவிட்டு ஒதுங்குவதா, தலைத்துண்டை இறக்குவதா, பேச்சை நிறுத்துவதா என்பதை முடிவு செய்த காலம் நீண்டது. அப்படிப்பட்ட சமூகத்தில் உடை என்பது பார்த்து ரசிக்கும் பொருளாக மட்டும் இருந்திருக்க முடியாது. நான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஓர் ஆணை அது. கம்பளி போர்த்த தோளோடு பகலெல்லாம் நின்றவர் இரவில் மன்மதனாகக் கரும்பு வில் ஏந்தும்போது, அந்த மாற்றத்தின் எடையைக் கூட்டம் அறியும்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று வருணனைக்கே தனி இலக்கிய வகை கண்ட மொழி தமிழ். நீண்ட வருணனை கவனத்தில் நிற்காது என்றால் நம் புலவர்கள் தலைமுறை தலைமுறையாக அதை ஏன் பாடினார்கள், மக்கள் ஏன் கேட்டார்கள்? இந்தக் கேள்வியை நான் இலேசாக ஒதுக்க மாட்டேன். ஆனால் பாதாதிகேசம் வெறும் பட்டியலன்று. கீழிருந்து மேலேறும் பயணம் அது. அடுத்தது என்ன உறுப்பு என்று கேட்பவருக்கு முன்பே தெரியும், அங்கே புலவர் எதைக் கொண்டுவந்து பொருத்துவார் என்பது தெரியாது. அந்த எதிர்பார்ப்பில்தான் சுவை. தெய்வத்தைப் பாடும்போது அந்த ஏற்றம் வணங்குகிறவரின் கண்ணே அடியிலிருந்து முடிக்கு மெல்ல உயர்வது. பாட்டாகக் கேட்கும்போது தாளமும் சேர்ந்துகொள்கிறது, தப்பு அதிரும் களத்தில் வருணனையின் நீளம் பாத்திரம் களம் புகும் நடையின் நீளமாகிவிடுகிறது. ஆகவே வருணனை மரபு என் வாதத்துக்கு எதிர்ச்சான்றன்று. நீண்ட வருணனை வெல்லும் இடங்களிலும் அதற்குள் ஓர் அசைவு ஒளிந்திருக்கிறது. லாம்ப்டாமூவின் மர்ம மனிதர்களிடம் இல்லாமற்போனது அந்த அசைவுதான்.

இன்னொரு மறுப்பு: கூத்தில் உடை கண்ணெதிரே இருக்கிறது, எழுத்து விளையாட்டில் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? வேறுபாடு உண்மைதான். இருந்தாலும் கூத்தில் கண் காண்பதும் சொல் சொல்வதும் ஒன்றல்ல. முடி அட்டையாக இருக்கும், பாட்டு அதை மணிமுடி என்னும். கூட்டம் இரண்டையும் ஒருசேர வைத்துக்கொண்டு, எதை எப்போது நம்புவது என்று தானே தீர்மானிக்கிறது. கண் வேறொன்றைக் காட்டும்போதே அரசாளும் அளவுக்குச் சொல்லின் பிடி அங்கே வலிது. அருச்சுனன் தபசின் மூலக்கதையில் இந்தப் பிளவே கதையாகிறது. வேடன் உருவில் வந்த சிவனை அருச்சுனன் அறிந்துகொள்ளவில்லை. தோலாடையும் வில்லும் கண்முன்னே நிற்கின்றன, அவை அவனை ஏமாற்றுகின்றன. பாரதம் சொல்வதன்படி, மண்ணால் செய்த இலிங்கத்துக்குத் தான் சூட்டிய மாலையை அந்த வேடனின் தலையில் கண்டபோதுதான் உண்மை விளங்குகிறது. வேடனின் கோலம் முழுவதும் கண்ணில் பட்டும் கவனத்தில் படவில்லை. தான் அணிவித்தது இடம் மாறியிருந்ததே அவனை உலுக்கியது.

காமன் கதைக்குத் திரும்பினால், நெற்றிக்கண் தீயில் மன்மதன் எரிகிறான். ரதி புலம்புகிறாள். தமிழ் ஒப்பாரி மரபில் துயரம் பெரும்பாலும் உடல்மேல் அணிந்தவற்றின் வழியாகவே பேசப்படுகிறது: தாலி, வளையல், பூ, குங்குமம், கூறைச்சேலை. கூத்தின் தொடக்கத்தில் மங்கலமாக வந்து கடந்த அதே பொருள்கள், இழப்பின் வினையோடு மீண்டும் வரும்போது ஒவ்வொன்றும் தனித்தனியே சுடுகிறது. ரதியாக நிற்பவர் ஆண் என்பதைக் கூட்டம் மறந்துபோகும் நேரமும் அதுவே என்பது என் கணிப்பு. பின்னர் மன்மதன் உயிர் பெறுகிறான், ஆனால் உடலற்ற அனங்கனாக, ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிபவனாக. உடலில்லாத ஒருவனை ஒருத்தி மட்டும் காண்கிறாள் என்றால் அவன் என்ன உடுத்தியிருப்பான் என்ற கேள்விக்கு விடை அவள் சொல்லில்தான் இருக்க முடியும். எழுத்து விளையாட்டின் ஒவ்வொரு பாத்திரமும் அந்த வகையில் ஓர் அனங்கன்தான்.

இந்தத் துறையில் இனி ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாத்தளைப் பக்கத்துக் காமன் பாட்டுகளை, குறிப்பாக ரதி புலம்பலை, பாடத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே தோட்டம் தோட்டமாக ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தபின் ஆடைப் பெயர்களை மட்டும் பொறுக்கி அகராதி தொகுத்து நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு பெயரையும் அடுத்து வரும் வினை எது, அந்த வினை வரும்போது தப்பு எந்த அடிக்கு மாறுகிறது, சூழ நிற்கும் பெண்கள் எந்த இடத்தில் முந்தானையை எடுத்து வாயைப் பொத்துகிறார்கள் என்று குறிக்க வேண்டும்.